கோணல் கூடம்

என் அக்கா பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறாள். நடத்தினாள் என்று சொல்ல வேண்டும். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். நானும் அங்கேதான், நூலகத்தில் வேலை.

புதுக் கட்டடத்தில் அவளுக்குக் கிடைத்தது குவிமாடக் கூடம். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும். உள்ளே ஒரு சொல் சொன்னால் அது கூரைக்குப் போய், கண்ணாடிச் சுவரில் முட்டி, அடுத்த சொல்லின் தலையில் வந்து விழும். மைக் வைத்தால் இரைச்சல் இரட்டிப்பாகும். அக்கா கத்திக் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டாள். வீட்டில் என்னோடு சண்டை போடக்கூடக் குரல் இல்லை. பாடம் புரியவில்லை என்று மாணவர்கள் புகார் கொடுத்தார்கள். அவள் கூடத்தைக் குறை சொன்னாள். பதிவாளர் சிரித்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மேடம், இந்தக் கட்டடத்தப் பார்க்க எங்கெங்கிருந்தோ வர்றாங்க!”

பார்க்கத்தானே வருகிறார்கள், பாடம் கேட்கவா வருகிறார்கள்?

அக்கா யாரையும் கேட்காமல் வகுப்பைப் பழைய கட்டடத்துக்குக் கொண்டுபோனாள். தாழ்ந்த கூரை, மரப்பலகைச் சுவர், இரண்டு பக்கமும் சன்னல். மெதுவாகப் பேசினாலே கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்குப் போடாமலே கரும்பலகை தெரிந்தது. அதுவரை வாயே திறக்காத பெண் ஒருத்தி, “மேடம், அந்த ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?” என்று கேட்டாளாம். அன்று அக்கா வீட்டுக்கு வந்து, துண்டைக் காயப்போடவில்லை என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அனுமதியில்லாமல் அறை மாற்றியதற்கு விசாரணை வந்தது. தோற்றால் வகுப்பு பறிபோகும். அந்த விசாரணையை எங்கே வைத்தார்கள் தெரியுமா? அதே குவிமாடக் கூடத்தில்! அறிவாளிகள்! நான் துணைக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் நின்று அக்கா விளக்கம் சொன்னாள். பதிவாளரும் உடன் வந்த இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து காதருகே கையைக் குவித்தார்கள்.

“என்ன சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க!”

சத்தமாகச் சொன்னாள். இன்னும் மோசம். அக்கா மேடையை விட்டு இறங்கி, பதிவாளரின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

“இதத்தான் சார் இவ்வளவு நாளா சொல்றேன். உங்களுக்கே கேக்கல. பிள்ளைங்களுக்கு எப்படிக் கேக்கும்?”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“இப்ப நல்லாவே கேக்குது மேடம். ஆனா முடிவு நேத்தே எடுத்தாச்சு.”

அக்காவைத் தேர்வுப் பிரிவில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கூடத்தில் இப்போது வேறொருவர் கத்துகிறார்.