அத்திம்பேர் கரமனைக்காரரான கதை

அந்தக் காலத்தில் திருநெல்வேலி வெள்ளைக்காரன் ராஜ்யம். திருவனந்தபுரம் மகாராஜா ராஜ்யம். ஆரல்வாய்மொழி தாண்டினால் அயல்நாடு. இங்கே, திருவனந்தபுரத்தில், சர்க்கார் உத்தியோகம் கேட்டு வருகிறவன் மகாராஜாவின் பிரஜையாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அப்படித் தோன்றவாவது வேண்டும். என் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், அசல் திருநெல்வேலிக்காரர். அதனால் தோன்றுவது என்று முடிவு செய்தார்.

எல்லாம் அக்காவுக்காகத்தான். கல்யாணமாகி மூன்று வருஷம் மாமியாரோடு குடித்தனம். அந்த அம்மாளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம். ஆனால் யோசிக்க அவகாசம் வேண்டும். இங்கே கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா, "இங்கேயே ஒரு வேலை பாருங்கோ. என்னைத் திரும்ப அந்த ஆத்துக்கு அழைச்சுண்டு போகாதேங்கோ" என்று அத்திம்பேரிடம் அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. அவரைத் திருவிதாங்கூர்க்காரராக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

பிறந்தது இந்த ஊர்க் கரமனை அக்கிரகாரம் என்று உருப்போட வைத்தேன். வேட்டிக்கு முண்டு, பலாப்பழத்துக்குச் சக்கை, பேச்சு முடிகிற இடத்தில் ஓர் 'ஆக்கும்' என்று பழக்கினேன். மனிதர் படு கெட்டிக்காரர். போடக்கூடாத இடத்திலெல்லாம் ஆக்கும் போட்டார். "காப்பி ஆறிப்போச்சாக்கும், சூடா வேணுமாக்கும்" என்று அவர் கேட்டதும் அம்மா சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போன இடத்திலும், கண்ணை மூடிக்கொண்டு, "நான் கரமனையாக்கும்" என்றார். பிள்ளையாரிடமுமா என்று கேட்டேன். "பழக்கம் விட்டுப்போயிடப்படாதுடா" என்றார்.

அந்த வாரமே பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். அத்திம்பேருக்குச் சர்க்கார் ஆபீசில் வேலை கொடுக்கவேண்டிய சூப்பிரண்டும் வந்திருந்தார். அவருடைய முப்பாட்டனார் தஞ்சாவூரிலிருந்து மூட்டை தூக்கிக்கொண்டு வந்தவர்தான். ஆனால் கொள்ளுப்பேரனுக்கோ மலைக்கு அந்தப்பக்கத்துப் 'பாண்டிக்காரர்'களைக் கண்டாலே ஆகாது. பந்தியில் அவருக்கு அடுத்த இலையில் அத்திம்பேரை உட்காரவைத்து, அதற்கடுத்து நான் உட்கார்ந்தேன்.

"வீடு எங்கேயாக்கும்?"

"கரமனையிலாக்கும்."

"அப்போ நம்ம ஆளாக்கும்! திங்கக்கிழமை ஆபீசுக்கு வாரும்."

உள்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

அப்போது போளி வந்தது. எங்கள் ஊரில் போளியின்மேல் பால்பாயசத்தை விட்டுப் பிசைந்து சாப்பிடுவோம். போளி என்றால் நெய் என்று வளர்ந்தவர் அத்திம்பேர். அதையும் சொல்லித்தான் வைத்திருந்தேன், தலையை ஆட்டியிருந்தார். பரிமாறுகிறவர் பாயசக் கரண்டியோடு குனிந்ததும் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார்.

சூப்பிரண்டு திரும்பிப் பார்த்தார். "என்ன ஓய், கரமனைக்காரருக்குப் போளிக்குப் பாயசம் வேண்டாமா?"

நான் அத்திம்பேரின் தொடையைக் கிள்ளினேன். எருமைமாட்டின்மேல் மழை பெய்தது.

"பாயசத்திலே ஊறப்போட்டா அதுக்குப் பேர் போளியா? எங்க தின்னவேலியிலே இப்படிப் பண்ணினா பரிசாரகனை ஊரைவிட்டே துரத்திடுவா!"

சூப்பிரண்டு தம் போளியைப் பாயசத்தில் நன்றாகப் பிசைந்து, ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, கைகழுவப் போனார். அந்த வேலை உள்ளூர் வலியசாலைக்காரர் என்று சொல்லிக்கொண்ட ஒருவருக்குக் கிடைத்தது. அவர் கும்பகோணத்துக்காரர் என்பது ஊருக்கே தெரியும். அதே பந்தியில் போளிக்கு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கியவர் அவர்.

அத்திம்பேர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். எங்கே! ஊருக்குக் கிளம்பும்வரை, "பொய் சொல்லலாம்டா, அதுக்காக நாக்கை விக்க முடியுமா?" என்று சத்தியசந்தர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். மோட்டார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாக என்னிடம் அதையே ஆரம்பித்தார்.

மடியில் துணிமூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, உங்க அம்மாவுக்குப் பிடிச்ச மாட்டுப்பொண்ணா நான் மூணு வருஷம் வேஷம் போட்டேன். எனக்காக ஒரு மத்தியானம் உங்களால முடியலையா?"