தொட்டிக்குள் ஒரு நாற்றங்கால்

மீனே இல்லாத மீன்தொட்டியை வாரக்கணக்கில் வேடிக்கை பார்த்த குடும்பம் பாகூர்ப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். கட்டிக்கொடுத்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஜன்னலோரக் கட்டிலில் படுத்தே இருந்தாள். இடுப்பு வலி என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார்கள். உண்மையில் இரண்டு கரு தங்காமல் போய், இது மூன்றாவது. எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கோ, நாளெல்லாம் படுத்திருக்க இப்படி ஒரு வலி வாய்த்திருக்கிறதே என்று அவள் மேல் பொறாமை.

படுத்தபடி பார்க்க ஏதாவது வேண்டும் என்று அக்காவின் கணவரான மாமா, டவுனிலிருந்து கண்ணாடித் தொட்டி வாங்கிவந்து கால்மாட்டில் வைத்தார். அடியில் நீலநிறக் கூழாங்கற்களைப் பரப்பி, நாடாபோல் இலை நீண்ட நீர்ப்புல்லை அதில் சொருகினார். செடி பிடித்த பிறகுதான் மீன் என்பது அக்காவின் உத்தரவு. மறுநாள் காலையில் புல் அத்தனையும் மேலே மிதந்தது. மறுபடி நட்டார், மறுபடி மிதந்தது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளைச் சாப்பிட வைப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"கல்லுல இன்னா மாப்ள வேர் புடிக்கும்?" என்றார் அப்பா.

நெல்லைத் தவிர வேறு பயிர் அறியாத மனிதர் அவர். ஏரி வண்டலை ஒரு கூடை கொண்டுவந்து, சாணி எருவும் சேர்த்து, அகலப் பாத்திரத்தில் காலாலேயே மிதித்தார். நாற்று விட வயலில் சேற்றை மிதித்துச் சேடை கலக்குவாரே, அதே சிரத்தை. மாமனாரை எதிர்த்துப் பேச மாமாவுக்கு ஏது வாய்? சேற்றைத் தொட்டியில் அப்பி, குடத்தோடு தண்ணீரைக் கவிழ்த்தார் அப்பா. தொட்டி காப்பி நிறமானது. புல் வாளியில் காத்திருந்தது.

தண்ணீர் தெளியவேயில்லை. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அதில் விழும்போது, பழுப்புக்குள் துகள்கள் தங்கமாக மின்னி, மெல்ல ஏறி, மெல்ல இறங்கும். நானும் அக்காவும் பேசாமல் பார்த்துக்கொண்டே கிடப்போம். எங்கோ அறுப்பு மெஷின் ஓடும் சத்தம் நெருங்கி வந்து மறுபடி தேய்ந்துபோகும். உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாத அந்த மத்தியானங்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. அக்காவுக்கும் அப்படித்தான் என்று நம்பினேன்.

பிறகு நாற்றம் கிளம்பியது. "நாத்து வுட வேற எடமே கெடைக்கலயா?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் படுத்தபடியே அக்காதான் யோசித்துச் சொன்னாள். "எரு வேணாம்பா. கீழ வெறும் வண்டலு. மேல கழுவுன மணல மெத்தையா போடு. தண்ணிய தட்டு மேல ஊத்து, கலங்காது."

அப்பா எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டுப் புது வண்டலைப் பரப்பினார். ஆற்றுமணலை அம்மா அரிசி களைவதுபோல் களைந்தாள். தட்டின் மேல் நான் சொம்பு சொம்பாக ஊற்றினேன். தண்ணீர் தெளிந்தே நின்றது. மாமா புல்லை ஆழமாக நட்டார்.

அதன் பிறகு காலையில் கண் விழித்ததும் அக்கா கேட்பது ஒன்றுதான். "மேல வந்துச்சா பாருடி." வரவில்லை என்பேன். ஒரு நாள் இளம்பச்சையில் புது இலை ஒன்று தெரிந்தது. வேர் பிடித்துவிட்டதா என்று பார்க்க, முழங்கை வரை கையை விட்டு இழுத்தேன்.

"வுடுடி! புடுங்காத!"

அக்கா அப்படி அலறி நான் கேட்டதேயில்லை. எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்தும் அப்பா வாசலிலிருந்தும் ஓடிவந்தார்கள். எனக்குப் பயத்தில் அழுகை முட்டியது.

"இழுத்தேன், வரலக்கா. கெட்டியா புடிச்சிக்கினு இருக்குது."

அக்கா வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு விசும்பினாள். அம்மா அவளைத் தலையணையில் சாய்த்துவிட்டு, முந்தானையால் தன் கண்களைத் துடைத்தாள். அப்பா வெளியே போய் நின்றார். சாண் உயரப் புல்லின் மேல் எங்கள் வீட்டில் இத்தனை பேருக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அன்று மாலை ஜெபமாலை முடிந்தும் யாரும் எழவில்லை. அம்மா தானாக இன்னொரு 'அருள்நிறைந்த மரியே' தொடங்கினாள். செடிக்காகத்தான் என்று எண்ணி, எல்லோரையும்விட உரக்க நானும் சொன்னேன்.