இருபத்தேழு திருத்தங்கள்

காலை 6.40, டண்டினொங் ரயில் நிலையம். மெல்பர்ன் நகருக்குப் போகும் ரயில் பதினொரு நிமிடம் தாமதம். பக்கத்தில், கிடங்கில் இரவு வேலை முடித்து வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கண்களை மூடியபடி கைபேசியில் கேள்வி கேட்கிறார்.

“அமெரிக்க அரசியலமைப்புக்கு எத்தினை திருத்தம்?”

“இருபத்தாறு,” என்கிறது ஸ்பீக்கரில் ஒரு குரல்.

“மடையா, இருபத்தேழு! பதினாலாவது என்ன சொல்லுது?”

“அமெரிக்காவில பிறக்கிற பிள்ளை அமெரிக்கக் குடிமகன்.”

“ஓம். போய்ப் படி.”

அழைப்பைத் துண்டித்துவிட்டு என்னைப் பார்க்கிறார். “என்ர தம்பி, அண்ணை. எனக்குப் பிறகு படகில வந்தவன். அவனை இங்க விடாமல் தீவு முகாமில வச்சிருந்திட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிட்டாங்கள். நாளைக்கு அவனுக்குக் குடியுரிமைச் சோதனை.”

“உங்களுக்கு இங்க எப்ப?”

“எனக்கெங்க சோதனை? அகதி மனுவுக்கு முடிவு வரும்வரைக்கும் குடுக்கிற பிரிட்ஜிங் விசாதான் இன்னும்.” கொட்டாவி விடுகிறார். “மகளுக்கு நாலு வயசு. இந்த டண்டினொங்கிலதான் பிறந்தவள். அவளுக்கும் அதே விசா.”

ரயில் வருகிறது. ஏறும்போது அவருடைய கைபேசி மறுபடி ஒலிக்கிறது.

தம்பி வாய் திறக்கும் முன்பே, “இருபத்தேழடா,” என்கிறார்.