டாட் காம் வாங்கவந்து திரும்பிப் போனவர்கள்

பெயர் விற்கிற தொழிலில், வாங்குகிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். வேண்டாம் என்று சொல்லத்தான் ஆட்கள் ஒரு வாரம் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

பழைய ஸ்கூட்டரை விற்க விளம்பரம் கொடுத்தவர்கள், மனை பார்க்க வந்தவருக்கு மூன்று முறை காபி போட்டுக் கொடுத்தவர்கள், "நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்" என்ற வார்த்தையை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் விற்ற சரக்கு மட்டும் கொஞ்சம் வேறு. இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் டாட் காம் என்று முடிகிற மாதிரி ஒரு பெயர் இருக்கிறதல்லவா, ஒரு பெயரை ஒருவர்தான் வைத்திருக்க முடியும். நல்ல பெயராகப் பார்த்து நாம் முந்திக்கொண்டு பதிவு செய்துவிட வேண்டும். பிறகு அது வேண்டும் என்று கேட்டு வருகிறவருக்கு லாபத்தில் விற்க வேண்டும். அமெரிக்காவில் இப்படியே பங்களா கட்டிவிட்டார்கள் என்று பிலோமினா அக்கா எங்கேயோ படித்திருந்தார்.

பிலோமினா அக்கா மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாலு கம்ப்யூட்டர், ஒரே ஒரு போன் லைன். நான் உப்பு முதலாளி ராமலிங்கம் ஆபீசில் டைப்பிஸ்ட். லோடு அனுப்பியிருக்கிறோம், பெற்றுக்கொள்ளவும் என்கிற ஒரே கடிதத்தைத் தேதி மட்டும் மாற்றி மாற்றி அடிப்பேன். 2005-இல் மழை கொட்டித் தீர்த்து உப்பளமெல்லாம் ஏரியாகிவிட்டது. தை பிறந்ததும் வாம்மா என்று முதலாளி அனுப்பிவிட்டார். நான் நேராக மாடியேறி அக்காவோடு கூட்டுச் சேர்ந்தேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பொங்கலுக்குள் ஒரு பெயராவது விற்றாக வேண்டும், இல்லையென்றால் பேசாமல் ஆபீசுக்குத் திரும்பிவிட வேண்டும். எங்களிடம் முப்பது பெயர் இருந்தது. மூன்று மாதத்தில் ஒன்றுகூடவா விற்காது என்று சிரித்துக்கொண்டே சரி சொன்னேன்.

பூனை கேட்ட விலை

எங்கள் முதல் ஏலம். இங்கிலீஷில் 'உப்புக் காலை' என்று அர்த்தம் வருகிற ஒரு பெயர். யாருக்கு, எதற்கு என்றெல்லாம் கேட்காதீர்கள், எனக்கு அது கவிதையாகத் தெரிந்தது. ஏல சைட்டில் போட்டதும் அமெரிக்காவில் ஒருவர் விலை கேட்டார். இன்னொருவர் அதற்கு மேலே கேட்டார். முதல் ஆள் விடவில்லை, ஏற்றிக்கொண்டே போய் இருநூறு டாலரில் ஜெயித்தார். அக்கா அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கி மருந்துக்கடைக்காரருக்கு, கீழே பூ விற்கிறவர்களுக்கு, பாண்டிச்சேரி பஸ் கண்டக்டருக்கு என்று எல்லாருக்கும் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் உப்பு வித்துட்டோம் என்று மட்டும் சொன்னோம். மழைக்காலத்தில் உப்பா என்று கண்டக்டர் ஆச்சரியப்பட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அமெரிக்காவிலிருந்து மெயில் வந்தது. ரொம்ப மரியாதையான மெயில். தான் சமையலறைக்குப் போயிருந்த நேரத்தில் தன்னுடைய பூனை கீபோர்டு மேல் நடந்துவிட்டது, அதில் விலை பதிவாகிவிட்டது, தனக்கு அந்தப் பெயர் தேவையில்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அக்கா ஏலப் பக்கத்தைத் திறந்து பார்த்து, விரல்விட்டு எண்ணிவிட்டுச் சொன்னார்: "மூணு தடவை விலையை ஏத்திக் கேட்டிருக்குது. அந்தப் பூனையோட மெயில் ஐடியை வாங்கு வாணி."

எண்கணிதம் பார்த்த பெயர்

வெளிநாட்டுக்காரர்களே வேண்டாம், உள்ளூரில் விற்போம் என்று முடிவு செய்து என் முதலாளியையே பிடித்தேன். மரக்காணம் உப்பு என்று வருகிற பெயர் எங்களிடம் இருந்தது. ராமலிங்கம் அய்யா செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு மாடிக்கு வந்தார். திரையில் பெயரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இது நம்ம ஊருக்குத்தான் வரணும், வேற எவனுக்கும் குடுத்துடாத என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு தடவை எண்கணிதம் மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். பெயரின் கூட்டுத்தொகை சரியில்லையாம். முதலில் ஒரு 'ஏ' கூடுதலாகவும், நடுவில் ஒரு 'எம்' கூடுதலாகவும், கடைசியில் மூன்று 'டி'யும் வந்தால் தொழில் ஓஹோவென்று போகுமாம். உலகத்தில் வேறு யாரும் அந்தப் பெயரை எடுத்திருக்கவில்லை. எங்கள் கைக்காசில் உடனே பதிவு செய்தோம்.

மறுநாள் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, நீங்களே அடிச்சுப் பாருங்கய்யா என்றேன். ஒற்றை விரலால் அடித்தார். ஒரு 'டி' குறைந்தது. மறுபடி அடித்தார், 'எம்' மூன்றாகிவிட்டது. மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்தவர்களும் எழுந்துவந்து பின்னால் நின்று எழுத்தை எண்ண ஆரம்பித்தார்கள். எட்டாவது முறை அவருக்கு வேர்த்துவிட்டது. ஒருமுறைகூட சரியான பக்கம் திறக்கவில்லை. துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பேரு ரொம்ப ராசியா வந்துடுச்சும்மா. ஆனா அதை எனக்கே அடிக்க வரல, உப்பு வாங்குறவன் எங்க அடிப்பான்?"

வருஷா வருஷம்

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரரை அக்காவும் நானும் நேரில் போய்ப் பார்த்தோம். அரைமணி நேரம் நான் விளக்கியதை ஆடாமல் அசையாமல் கேட்டார். பெயர் பிடித்தது, விலை பிடித்தது, பையனைக் கூப்பிட்டு கூல்ட்ரிங்ஸ் வாங்கிவரச் சொன்னார். பாதி பாட்டில் குடித்த தைரியத்தில், வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கச் சின்னதாக ஒரு கட்டணம் உண்டு என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். கடைக்காரர் மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே வைத்துவிட்டு என்னை இரக்கமாகப் பார்த்தார். "பொறந்த புள்ளைக்குப் பேரு வெச்சா, வருஷா வருஷமாம்மா காசு கட்றோம்?"

ப்ரியாவும் குமாரும்

இது பிலோமினா அக்காவின் யோசனை. தெருவுக்கு ஒரு ப்ரியா இருக்கிறாள், வீட்டுக்கு ஒரு குமார் இருக்கிறான், என்றைக்காவது ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தே தீரும், அன்றைக்குக் கல்யாணப் பத்திரிகையை இணையத்தில் போட அவர்களுக்குப் பெயர் வேண்டும் என்றார். அதனால் ப்ரியா, குமார் கல்யாணம் என்று வருகிற பெயரைப் பதிவு செய்தோம். நான் அதைப் பெரிய தெண்டச் செலவு என்று நினைத்தேன். ஒரே மாதத்தில் கனடாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மகள் பெயர் ப்ரியா. மாப்பிள்ளை குமார். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அவரை எதிர்த்துப் பேசவில்லை.

அவர் மனைவிக்குப் பெருமுக்கல் பக்கம் பிறந்த ஊராம். அதனால் தினமும் காலையில் போன் செய்து, மலைக்கோயிலுக்கு இப்போது ரோடு போட்டாயிற்றா, மழை எப்படி, தர்பூசணி என்ன விலை என்று விசாரிப்பார். எங்கள் இணையமும் அதே போன் லைனில்தான் வரும் என்பதால் அவர் பேசி முடிக்கும்வரை கஸ்டமர்கள் எல்லாரும் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கட்டத்தில் அவர்களே ப்ரியா கல்யாணம் எப்ப என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பணம் அனுப்புவதாகச் சொன்ன அன்று போன் வரவில்லை. நாலு நாள் கழித்து வந்தது. ஊர், மழை எதையும் அவர் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்: "தங்கச்சி, பேரு நல்ல பேருதான். மாப்பிள்ளைதான் சரியில்ல."

அன்று சென்டரில் இருந்த அத்தனை பேருக்கும் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு அம்மா, அந்தப் பொண்ணு தப்பிச்சுது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்கு மட்டும் நம்பிக்கை போகவில்லை. "இருக்கட்டும், குமாரு வேற ப்ரியாவைப் பார்க்காமலா இருப்பான்?"

ஜெரால்டுக்கு ஒரு பூசை

ஜெரால்டு இங்கிலாந்துக்காரர். மழை, தேநீர் என்று வருகிற ஒரு பெயரை ஏலத்தில் எடுத்தார். எடுத்தவர் ஒரு வாரம் மூச்சுவிடவில்லை. பிறகு அவருடைய முகவரியிலிருந்தே அவர் மனைவி மெயில் எழுதினார். ஜெரால்டு திடீரென்று காலமாகிவிட்டாராம், விற்பனையை ரத்து செய்ய வேண்டுமாம். பிலோமினா அக்கா உடைந்துபோய்விட்டார். நம்ம பேரை வாங்கின நேரமா பாரு வாணி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவர் ஆத்மா இளைப்பாறுவதற்கு ஒரு பூசைக்குச் சொல்லிவிட்டார். சாமியார் அந்தப் பெயரை இரண்டு முறை தடுமாறி வாசித்தார். யார் இந்த ஜெரால்டு என்று கேட்டவர்களுக்கு, எங்க கஸ்டமரு என்று அக்கா தழுதழுத்த குரலில் பதில் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் இன்னொரு பெயருக்கு ஏலத்தில் ஒருவர் விலை கேட்டிருந்தார். அதே ஜெரால்டு. அதே ஐடி. எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. உங்களைப் பற்றித் துக்கமான செய்தி கேள்விப்பட்டோமே என்று பணிவாக எழுதிக் கேட்டேன். இப்போது எவ்வளவோ தேவலை, விசாரித்ததற்கு நன்றி என்று ஒரே வரியில் பதில் வந்தது. அக்கா அதை நிதானமாகப் படித்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "ஒரு பூசைக்கே எந்திரிச்சிட்டாரு. நல்லவேளை, நான் மூணு பூசைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

மொபெட்டில் வந்தவர்

பொங்கல் வந்தது, போனது. ஒரு பெயரும் விற்கவில்லை. அப்பா திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வர்ற திங்கட்கிழமை வந்துடறேங்க என்று நானே முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன். சனிக்கிழமை என் டம்ளரையும் குடையையும் எடுத்துவரலாம் என்று சென்டருக்குப் போனேன். அக்கா எனக்கு முகம் கொடுக்காமல் கீபோர்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மல்லிகா வந்தார். ஆரோவில் பக்கத்து ஊரான இரும்பையிலிருந்து மொபெட்டிலேயே வந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் செம்மண். சுட்ட மண்ணில் கம்மல், மாலை செய்து ஆரோவில்லுக்கு வருகிறவர்களிடம் விற்பவர். பஸ்ஸில் நாங்கள் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்தாராம். மண்கம்மல் என்று ஒரு பெயர் எங்களிடம் இருந்தது, எதற்குப் பதிவு செய்தோம் என்று எங்களுக்கே நினைவில்லை. மல்லிகா விலை கேட்டார், சொன்னேன், பர்ஸைத் திறந்தார். எனக்கும் அக்காவுக்கும் பயம் வந்துவிட்டது. இப்படி யாரும் செய்ததே இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று அக்கா கேட்டார். இது வெறும் பெயர்தான், படமெல்லாம் தனியாகப் போட வேண்டும் என்று நான் எச்சரித்தேன். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு நன்றாக யோசித்து வாங்களேன் என்று அக்கா கெஞ்சினார். நாளைக்குக்கூட வரலாம், அவசரமில்லை என்றேன் நான். மல்லிகா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பணத்தை எடுத்து ஸ்டேப்ளருக்கு அடியில் அழுத்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, நீங்க பேரு விக்கிறீங்களா, இல்ல பொண்ணு பாக்குறீங்களா?"

ஆபீசில் நான்

விற்றதற்கான காகிதத்தை அப்பாவிடம் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பொங்கல் முடிந்து ஒரு வாரமாகிவிட்டதே என்று நானே சொன்னேன். பொங்கலுக்குள்ளன்னுதான் சொன்னேன், எந்த வருஷப் பொங்கல்னு சொல்லலையே என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது, முதலாளியிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை போனேன். பாத்தியில் தண்ணீர் வடிந்து, முதல் உப்பு பூக்கத் தொடங்கியிருந்தது. என் மேஜையைத் துடைத்து, டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன்கூட மாட்டி வைத்திருந்தார் ராமலிங்கம் அய்யா. அதைப் பார்த்ததும், வேலைக்கு வரவில்லை என்று சொல்ல நான் தயார் செய்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது. உப்பு வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை என்றேன். நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்க்கிறவள் நான். அது போதாது என்று தோன்றி, பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்றேன். எங்கள் வீடு நடக்கிற தூரம். அதுவும் எடுபடவில்லை என்று பட்டதும், ஜாதகத்தில் இந்த வருஷம் உப்பு ஆகாது என்று போட்டிருக்கிறது என்றேன். அய்யா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "வேணாம்னா வேணாம்னு சொல்லும்மா. ஒத்த வார்த்தைக்கு எதுக்கு இத்தனை பொய்யி?"

அன்றிலிருந்து, பின்வாங்குகிறவர்கள் எழுதும் காரணங்களைப் படித்து நான் கோபப்படுவதில்லை, பத்துக்கு மார்க் மட்டும் போடுகிறேன், இதுவரை என்னைவிடக் குறைவாக யாரும் வாங்கவில்லை.