அன்னதான அரிசியும் மியூனிக் நீதிமன்றமும்

வரி ஆலோசகர் கந்தோரில் வேலை என்றால் கூட்டல் கழித்தல்தான் என்று நினைக்கிறீர்களோ? எங்கள் சனத்தின் நல்ல குணங்களுக்கு ஜெர்மன் சட்டத்தில் இடம் தேடுகிற வேலை அது. என்னைப்போல அந்தக் கதிரையில் இருக்கிறவர்களுக்கு நான் படுகிற பாடு விளங்கும்.

சாமிக்குத் துண்டு

ஹம் நகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற செல்வம் அண்ணை, கோயில் திருவிழா அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுப்பவர். வரிக் கந்தோருக்கு அது விளங்கவில்லை. வாங்கிய அரிசி கடையிலும் இல்லை, விற்ற கணக்கிலும் இல்லை. அப்படியென்றால் கள்ளமாக விற்றிருக்கிறீர்கள் என்று வரியைப் போட்டுவிட்டார்கள். அதைக் கட்டினால் கடையைப் பூட்டத்தான் வேணும். கோயிலில் ஒரு பற்றுச்சீட்டுத் துண்டாவது எழுதி வாங்கியிருக்கலாமே என்று அண்ணையைக் கேட்டேன்.

"குடுத்ததுக்குத் துண்டு கேட்டால் அது தானமில்லைப் பிள்ளை, வியாபாரம்."

வாங்கில் இருந்த சாட்சி

அந்த வரியை எதிர்த்து வழக்குப் போட்டோம். எங்கள் ஒரே சாட்சி, கோயிலில் சமைக்கிற கந்தையர். விசாரணையன்று வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தார். அவரையும் கேட்கத்தான் வேணுமோ என்றார் நீதிபதி. அண்ணைக்காக வாதாட வந்த வரி ஆலோசகர், என் முதலாளி அம்மா, வாய் திறக்க முந்தியே அண்ணை எழும்பி, அவருக்குச் சிரமம் வேண்டாம் என்றுவிட்டார். நீதிபதியும் உடனே, வழக்காளி சாட்சியை வேண்டாம் என்கிறார் என்று குறிப்பில் ஏற்றினார். முதலாளி அம்மா துள்ளி எழும்பி, நாங்கள் சாட்சியைக் கைவிடவில்லை, கேட்காமல் விடுவது பிழை, இதையும் ஏற்றுங்கள் என்று அடம்பிடித்தா. அதுவும் ஏறியது. ஆனாலும் கந்தையரைக் கூப்பிடாமலே எங்களைத் தோற்கடித்துவிட்டார்கள். வெளியில் வந்து அண்ணையைப் பிடித்தேன்.

"அந்த மனுசன் விடியத் தொடக்கம் வெறும் வயித்தோட இருந்தவர். பாவமெல்லே."

ராணி அக்காவின் கைபேசி

மேல்முறையீடு மியூனிக்கில் இருக்கிற உச்ச வரி நீதிமன்றத்தில். வீட்டில் என் மகள் தம்பியைக் கடித்தால், கடித்தாளோ என்று நான் விசாரிப்பேன். மியூனிக்கோ, விசாரித்த அம்மா இரண்டு பக்கமும் ஒழுங்காகக் கேட்டாவோ என்று மட்டும்தான் பார்க்கும். அதற்கும் அத்தாட்சி, விசாரணையில் எழுதிய அந்தக் குறிப்பு, ஜெர்மன்காரரின் புரோட்டோகோல்தான். இதை நான் சொல்லி முடிக்கவில்லை, அண்ணையின் மனைவி ராணி அக்கா கைபேசியை எடுத்து நீட்டினா. விசாரணை முழுவதையும் சீலைத் தலைப்புக்குள் வைத்துப் பதிந்திருக்கிறாவாம். முதலாளி அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அங்கே அப்படிப் பதியவே கூடாது, இதை அனுப்பினால் உங்களுக்குத்தான் புது வழக்கு வரும் என்று சொல்லி அழிக்க வைத்தேன். அக்காவுக்கோ ஆறவில்லை.

"கலியாணவீட்டில ஐயர் மந்திரம் சொல்லுறதையே எடுக்கிறம். இவை என்ன அதைவிடப் பெரிய மந்திரமோ சொல்லுறவை?"

கிடாரம்

மியூனிக்காரர் புரோட்டோகோலைப் பிரித்தார்கள். அண்ணையின் பெருந்தன்மை ஒரு வரியில் இருந்தது. முதலாளி அம்மாவின் மறுப்பு அடுத்த வரியில் இருந்தது. மறுப்பு வென்றது. சாட்சியைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்தமுறை கந்தையருக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்துத்தான் கூட்டிப்போனோம். அண்ணையின் அரிசி வந்து இறங்கியதையும், கழுவிப் பெரிய சோற்றுக் கிடாரத்தில் போட்டு அவித்ததையும் அவர் ஆறுதலாகச் சொன்னார். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று நீதிபதி கேட்டார். அதற்கு வந்த பதிலை மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் நீதிபதியே சிரித்துவிட்டார்; கடை தப்பிவிட்டது என்று எனக்கு அப்பவே விளங்கியது. அப்படியே தீர்ப்பும் வந்தது.

"சாப்பிட வாற சனத்தை எண்ணப்படாது, ஐயா. வாற திருவிழாவுக்கு நீங்களும் வாங்கோ, இருத்திச் சோறு போடுறன்."

இந்தத் தொழிலில் வரிக் கந்தோரை எப்படியும் சமாளித்துவிடலாம், எங்கள் ஆட்களின் பெரிய மனதைச் சமாளிக்கத்தான் தனியாக ஒரு ஆள் வேணும்.