லாயத்து மாடியில் ஒரு கதிரை

குதிரை இல்லாத லாயத்துக்குக் காவலிருப்பது சுகமான உத்தியோகம் என்று நினைக்கிறவர்கள் ஒரேயொரு குளிர்காலம் வந்து இருந்து பார்க்கட்டும். மெல்பேர்னுக்கு வெளியே, ஒரு காலத்தில் ஆட்டுரோமம் விற்றுப் பணக்காரரான குடும்பம் கட்டிய பண்ணை மாளிகை, இப்போது சனம் வந்து பார்த்துப்போகும் காட்சியிடம். அதன் பின்னால் இருந்த லாயத்தையும் சாரட்டு வண்டிக் கொட்டகையையும் 2010 முதல் 2013 வரை பார்த்துக்கொண்டவன் நான். கூட்டுவது, கதவுகளைத் திறந்து பூட்டுவது, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது, மேலே பழைய குதிரைக்காரன் படுத்த அறையில் படுப்பது, இவ்வளவுதான் வேலை. யாழ்ப்பாணத்தில் கட்டடப் படம் வரைந்தவன் என்று சொன்னதால் கிடைத்தது. மனைவி சாந்தி வவுனியாவில் தாயோடு விசாவுக்குக் காத்திருந்தாள். ஆள் வராத கடையிலோ கவுண்டரிலோ உட்கார்ந்து நாளைத் தள்ளியவர்களே, மிச்சத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போட்டோ

எங்கள் லாயம் பார்ப்பதற்கு லாயம் மாதிரி இருக்காது. சிவப்புச் செங்கல், இரண்டு மாடி, நடுவில் மணிக்கூட்டுக் கோபுரம். மாளிகையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியவேண்டும் என்று குதிரைக்கும் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். முதல் கிழமையே ஒரு படம் எடுத்து, "இங்கதான் இருக்கிறன்" என்று எழுதி சாந்திக்கு அனுப்பினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

சாந்தியின் தாய், என் மாமி, அதை மாளிகை என்றே எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் வீடு வீடாகக் காட்டிவிட்டார். திருத்தத்தான் நினைத்தேன். ஆனால் என்னைப் பற்றி ஒருவர் பெருமையாகப் பேசி வருடக்கணக்காகியிருந்தது, வாய் வரவில்லை. சாந்தி அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவுமில்லை. மாமிதான் போனை வாங்கிக் கேட்டார்: "தம்பி, அவ்வளவு பெரிய வீட்டைக் கூட்டித் துடைக்க ஆள் வைச்சிருக்கிறியளோ?"

கம்பிச் சுவர்

குதிரை தனியாக நின்றால் சரியாகத் தின்னாதாம். அதனால் ஒவ்வொரு குதிரை அறைக்கும் இடைச்சுவர் கீழே பலகை, மேலே இரும்புக் கம்பி. பக்கத்துக் குதிரையின் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். வாசல் கதவும் குறுக்கே இரண்டாகப் பிரியும். கீழ்ப்பாதியைப் பூட்டி மேல்பாதியைத் திறந்துவிட்டால் தலையை நீட்டி முற்றத்தை வேடிக்கை பார்க்கலாம். வாயில்லாப் பிராணிக்கு இவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்களே என்று முதல் நாள் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு மழைநாளில் ஒரேயொரு வெள்ளைக்கார மூதாட்டி வந்தார். அன்றைக்கு முழுக்க வேறு யாரும் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் முடிக்கவேண்டிய விளக்கத்தை அரை மணித்தியாலம் இழுத்தேன், அவ்வளவுக்குப் பேச்சுப் பசி. அவர் பொறுமையாகக் கேட்டு, என் அறைக்குப் போகும் மரப்படியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலே படுத்தவனுக்கு யாருடைய முகம் தெரிந்தது?"

குசினி

சேணம் மாட்டிய அறையில் ஒரு அடுப்பு இருந்தது. புகைபோக்கி, செங்கல் மேடை, மேலே கொக்கிகள். அடுப்பைக் கண்டால் குசினி என்று சொல்வதுதானே நம் வழக்கம்! இதுதான் குதிரைக்காரனின் குசினி என்று மூன்று மாதம் வந்தவர்களுக்கெல்லாம் அளந்தேன். அதோடு விட்டேனா? அடுப்பு சும்மா கிடக்கிறதே என்று பருப்புக் காய்ச்சி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் தாளித்துச் சாப்பிட்டும் வந்தேன்.

புதன்கிழமைகளில் கொலின் என்ற ஓய்வுபெற்ற தோல் தொழிலாளி சேணங்களைத் துடைக்க வருவார். அந்த நெருப்பு தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மூட்டியது என்று அவர்தான் சொன்னார். மேலே வைக்கோல் அடுக்கியதால் குதிரைக்காரனின் அறையில் நெருப்பே கூடாதாம். தோலுக்குச் சூடு, மனிதனுக்குக் குளிர். எனக்கு முகம் செத்துப்போயிற்று. கொலின் சேணத்தை மோந்து பார்த்தார், கோபிக்கவில்லை: "ஐம்பது வருடத் தொழிலில் இன்றைக்குத்தான் ஒரு சேணத்தைப் பார்த்து எனக்குப் பசிக்கிறது."

பஸ்ஸில் வந்தவர்கள்

மெல்பேர்னில் நம்மவர்கள் நிறைய இருக்கும் டண்டினொங்கிலிருந்து தமிழ் முதியோர் சங்கம் ஒன்று பஸ்ஸில் வருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். முந்தின நாளே சேர்ட்டை அயர்ன் பண்ணிவைத்தேன். சொல்லவேண்டியதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் மாளிகையைச் சுற்றி, புல்லில் இருந்து புளிச்சாதம் சாப்பிட்டு, லாயத்துக்கு வரும்போது பஸ் புறப்படப் பத்து நிமிடம்தான் இருந்தது.

சாரட்டுச் சக்கரம் மோதிச் சுவரை உடைக்காமல் இருக்க வாசல் மூலைகளில் உருண்டைக் கல் பதித்திருப்பதைக் காட்டினேன். ஒரு அன்ரி முன்னால் வந்து நின்று தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். ஊர் எது, சாப்பிட்டீரோ என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டார்: "எல்லாம் வடிவாச் சொல்றீர் தம்பி, டொய்லெட் எந்தப் பக்கம்?"

கதவு

2013இல் சாந்திக்கு விசா கிடைத்தது. சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகம். மாளிகை என்று நம்பி வருகிறவளைக் குதிரைக்காரன் அறைக்கு எப்படிக் கூட்டிப்போவது? விமான நிலையத்தில் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. டண்டினொங்கில் அரிசி வாங்கும்போது நினைத்தேன், அதுவும் முடியவில்லை. பஸ்ஸால் இறங்கிப் பண்ணை வாசலைத் தாண்டி நடந்தோம். அவள் மாளிகைப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் நேரே லாயத்துக்குப் போய், முதல் அறையின் பாதிக்கதவில் கையை வைத்தாள்.

மேலே கூட்டிப்போனேன். ஒரு கட்டில், இரண்டு கோப்பை, உட்கார ஒரேயொரு கதிரை. அவளுக்கென்று புதுக்கோப்பை வாங்கியவன் கதிரையை மறந்துவிட்டேன். "சாந்தி, நான் அப்பவே சொல்லியிருக்க வேணும்" என்று தொடங்கினேன். அவள் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னாள்: "போட்டோவில கதவு குறுக்கால ரெண்டாய்ப் பிரிஞ்சு கிடந்தது. மனிசர் இருக்கிற வீட்டுக்கு ஆர் அப்பிடிக் கதவு போடுவினம்? எனக்கு அண்டைக்கே தெரியும். கேட்டால், உங்களுக்கு அங்க இருக்கிற ஒரு சந்தோஷமும் போயிடும் எண்டு விட்டிட்டன்."

மூன்று வருடமாக வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தக் கதவை விளக்கிச் சொன்னவன் நான், விளக்கம் தேவைப்படாத ஒரே ஆள் வவுனியாவில் இருந்தாள்.