இறுக்குமுன் போட்ட கோடு

சுனாமிக்குப் பிறகு, யுத்தம் முடியுமுன், சாய்ந்தமருதுக் கடலோரத்தில் ஒரு பட்டறையில் பரிசோதகனாக இருந்தேன். யப்பானிலிருந்து இரண்டு துண்டாக வரும் வான் வண்டிகளை ஒட்டி முழு வானாக்கும் பட்டறை அது. ஏழு பேருக்குத் தகரக் கூரை ஒன்று, ஒட்டுகிறபோது போடக் கறுப்புக் கண்ணாடி ஒன்று. கதவிலிருந்து கடலுக்கு எட்டி நடந்தால் நூற்றுப் பன்னிரண்டு அடி. அலை சற்றுப் பலமாகக் கேட்டால் எல்லோருடைய கையும் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வான் வெளியே போயாக வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. வானுக்குச் சக்கரம் நாலு; சில்லுக்கு ஐந்து நட், நாலு சில்லுக்கு இருபது. இறுக்கியதைப் பரிசோதித்து ஒவ்வொன்றிலும் நான் வெண்கட்டியால் கோடு போடுவேன். கோடு விழுந்த நட்டைப் பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

ஒரு வெள்ளி, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லியாயிற்று. பின் வலச் சில்லில் நட்டெல்லாம் கையால் முடுக்கியபடி இருந்தன. மூத்தவன் என்று என்னைக் காக்கா என்றழைக்கும், சில்லுப் பூட்டுகிற தம்பி பெரிய ஸ்பானர் எடுக்கப் போயிருந்தான். வந்து இறுக்கத்தானே போகிறான் என்று ஐந்துக்கும் கோடு போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

தொழுதுவிட்டு வந்தால் வான் இல்லை. அதை வாங்கிய காரைதீவுக்காரர் வந்து எடுத்துப் போய்விட்டாராம். வீட்டில் மனைவியையும் நாலு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திருக்கோவிலுக்குப் போகிறாராம்.

"பின் சில்ல இறுக்கின தானே?" என்று தம்பியைக் கேட்டேன்.

"நான் எங்க காக்கா இறுக்கின? வந்து பார்த்தா கோடு கிடந்திச்சு. நீங்க ஆரையாச்சும் கொண்டு இறுக்கியிருப்பீங்க எண்டு விட்டுட்டன்."

அவன் பெரிய ஸ்பானரையும், கழன்றிருந்தால் போடச் சில நட்டையும் எடுத்துக்கொண்டான்; அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். ஆறு பேர், ஆறு பேர் என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது. எதிரே வந்த வாகனம் ஒவ்வொன்றிலும் அடிபட்டவர்களைத் தேடினேன்.

காரைதீவு தாண்டிச் சோதனைச் சாவடியில் வான் நின்றது. எல்லோரையும் இறக்கி நடக்க விட்டிருந்தார்கள். நான் சில்லடியில் குந்தியதும் ஒரு சிப்பாய் துவக்கை நீட்டிச் சிங்களத்தில் அதட்டினான். கையை உயர்த்திக்கொண்டே நட்டை எண்ணினேன். ஐந்தில் நாலுதான். தம்பி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சிய பின்புதான் சிப்பாய் தொட விட்டான். நாலும் இரண்டு விரலுக்குச் சுழன்றன.

"என்ன காக்கா, வான விட மனமில்லாமப் பின்னாலயே வந்திட்டீங்களோ?" என்று சிரித்தார் காரைதீவுக்காரர்.

"ஒரு நட் பழுது" என்றேன். கோட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. தம்பி கொண்டுவந்த நட்டையும் போட்டு ஐந்தையும் இறுக்கினான். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கடைசிப் பிள்ளை ஏறும்வரை எண்ணிக்கொண்டு நின்றேன்.